அரைச் சுத்து

"வேலை தெரிஞ்சா கடை போடு. தெரியலேன்னா சாத்திட்டுப் போ!"

முத்துப்பேச்சி அக்கா மடக்குக் கத்தியை என் மேசையில வீசுனாக. சாணை பிடிக்கக் காத்திருந்த ரெண்டு பேரும் என்னையத்தேன் பாத்தாக.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. தேவதானப்பட்டியில பதினாறு வருசமா கத்தி, கத்திரிக்கோல் சாணை பிடிக்கிறேன். ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல. இந்த அக்கா மட்டும் ஒரே கத்தியைத் தூக்கிக்கிட்டு அஞ்சாவது செவ்வாக்கிழமையா வந்து நிக்கிறாக.

"இப்ப என்னக்கா?"

"மறுபடியும் இறுகிப் போச்சு. விரிச்சா நகம் பேந்துரும் போல. போன வாரம் என்னத்த லூசாக்குன?"

விரிச்சுப் பாத்தேன். நெசந்தேன், அசைய மாட்டேங்குது. புழங்கப் புழங்கத் திருகாணி லூசாகும். தானா இறுகுறத எங்கயாச்சும் கேட்டிருக்கீகளா?

"இது மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டுற கத்தி. மூட்டுல மாம்பால் இறங்கிப் பிசினா அப்பிருக்கும். மண்ணெண்ணெயில கழுவுங்க, கழுவுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கழுவுனீகளா?"

"மாம்பாலா? இது மாமரத்தைப் பாத்து நாலு மாசமாச்சு!"

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாக. மத்த ரெண்டு பேரையும் முடிச்சு அனுப்புனதும் கிட்ட வந்து குரலைத் தாழ்த்துனாக.

"எங்க வீட்டுக்காரருக்கு, அதேன் உங்க அழகுமலை அண்ணனுக்கு, வாதம் வந்து வலது கை விழுந்துருச்சுல்ல... காலையில எந்திரிச்சதும் கட்டைவிரலால இந்தக் கத்தியை விரிச்சுப் பாப்பாக. விரியலேன்னா அன்னைக்குப் பூராம் சோறு இறங்காது. 'இனிமே எவன் என்னைய ஒட்டுக் கட்ட நர்சரிக்குள்ள விடுவான்'னு சுவத்தைப் பாத்துப் படுத்துருவாக. அதேன், அவுகளுக்குத் தெரியாமக் கொண்டாந்து லூசாக்கிட்டுப் போறேன். கை தேறுதுன்னு நினைச்சுக்கட்டும்."

இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்!

திருகாணியை அரைச் சுத்து தளத்துனேன். மூட்டுல தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். பத்துத் தடவை விரிச்சு மடக்கி, வெளிய வந்த கறுப்பைத் துடைச்சுக் குடுத்தேன். சுண்டுவிரல் பட்டாலே விரிஞ்சுச்சு.

"இது மட்டும் திரும்ப இறுகட்டும், அப்புறம் பேசிக்கிறேன்." மிரட்டிட்டுத்தேன் போனாக.

வெள்ளிக்கிழமை அழகுமலை அண்ணனே வந்து நின்னாக. இடது கையில அதே கத்தி. அக்கா விசயம் தெரிஞ்சு போச்சோ?

"தம்பி, திருகாணித் தலை தேஞ்சு போச்சு. ஸ்க்ரூடிரைவர் வழுக்குது. வேற போட்டு நல்லா இறுக்கிக் குடு. பழசாப் பாத்துப் போடு. பளபளன்னு இருந்தா உங்கக்கா கண்டுபிடிச்சுருவா."

"அண்ணே! அப்ப இத்தனை நாளா இறுக்குனது நீங்கதானா?"

"அவ லூசாக்குறது மொத வாரமே தெரிஞ்சு போச்சுய்யா. லூசா இருக்கப்ப அவ முன்னாடி விரிச்சுக் காட்டுவேன். அவ மூஞ்சியப் பாக்கணுமே நீ! அவ காட்டு வேலைக்குக் கிளம்புனதும் இறுக்கி வச்சுப் பழகுவேன். இறுகுனத விரிச்சாத்தானே கைக்குத் தெம்பு."

பழைய திருகாணி ஒண்ணு தேடிப் போட்டு, இறுக்கிக் குடுத்தேன். அண்ணன் வலது கையில வாங்குனாக. கட்டைவிரல் நடுங்குச்சு. நெத்தியில வேர்த்துருச்சு. ஆனா விரிஞ்சுச்சு.

"அவகிட்ட மூச்சு விட்றாத. நர்சரிக்குப் போற அன்னைக்கு நானே சொல்லிக்கிறேன்."

செவ்வாக்கிழமை. கடையில நாலு பேர் நிக்கிறாக. கத்தி வந்து மேசையில விழுந்துச்சு.

"இதெல்லாம் ஒரு வேலையா? உனக்கு வெக்கமாவே இல்லையா?"

ஸ்க்ரூடிரைவரைக் கையில எடுத்தேன்.

"எனக்குத் தொழில் இன்னும் சரியாப் பிடிபடலக்கா"ன்னேன், அத்தனை பேர் முன்னாலயும்.