எம்.எஸ்ஸி.யில் இடமில்லை

“உனக்கு இங்கன இடம் இல்லம்மா,” என்றார் ஆபிதா மிஸ், தலையை நிமிர்த்தாமலே.

டார்லினுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்றுகூடத் தோன்றியது. மூன்று வருஷம் இதே கல்லூரியில், இதே மிஸ்ஸிடம் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். வகுப்பில் முதல் மார்க். எம்.எஸ்ஸி.க்கும் உங்களிடமே வருகிறேன் என்று சொன்னால் மிஸ்ஸுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

“எல்லா இடமும் முடிஞ்சிட்டுதா மிஸ்?”

“இல்லன்னா இல்லதான். அதுவும்போக, உனக்கு எதுல பிரியம்னு உனக்கே தெரியல. நான் ஒளியைப் பத்திப் பாடம் நடத்தினா நீ கணக்கு டிபார்ட்மென்ட் வாசல்ல போய் நிக்கே. கணக்கு வகுப்புல உக்காந்தா ஜன்னல் வழியா மேகத்தைப் பாக்கேன்னு புகார் வருது. ஒண்ணைப் பிடிச்சு ஒழுங்காப் படிக்கிற பிள்ளைகளுக்கு உள்ளது இது. நீ ஆசைப்படுகிறதெல்லாம் சேந்த படிப்பு வேற எங்கயாச்சும் இருக்கும். போய்த் தேடிப் பாரு.”

சொல்லிவிட்டு மேஜையிலிருந்த விடைத்தாள்களைத் தட்டி அடுக்க ஆரம்பித்தார். போகலாம் என்று அர்த்தம்.

மிஸ் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அதிகம் வலித்தது.

மணிமுத்தாறு அருவிக்குக் கீழே தண்ணீர் சுழித்து ஓடுவதைப் பார்த்தால், அந்தச் சுழிப்பை ஒரு சமன்பாட்டில் எழுதிவிட முடியுமா என்று டார்லினின் மனசு போய்விடும். அதற்குள் சாரல் எழும்பி வெயிலில் நிறம் காட்டும். மனசு அந்தப் பக்கம் ஓடும். அடுத்த சாரல் எங்கே போய் விழும், யாரால் சொல்ல முடியும் என்று நினைத்தால் நிகழ்தகவு வந்து குறுக்கே நிற்கும். ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கோபித்துக்கொண்டு போய்விடும் போலிருக்கும்.

அவள் அப்பா பாக்கியசீலன் நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“ஏட்டி, இந்த மிஸ்ஸையா நீ தலையில தூக்கி வச்சுக்கிட்டு அலைஞ்ச? மூணு வருஷம் படிச்ச பிள்ளைக்கு ஒரு இடம் ஒதுக்க மனசு வரலியாக்கும்.”

வீம்புக்குத்தான் தேடத் தொடங்கினாள்.

ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது கொச்சியில் இருக்கிற ஒரு படிப்பில் வந்து நின்றாள். வானிலையியல். பாடங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். காற்று ஓடுகிற விதம். வெயில் பூமியைச் சூடாக்குகிற கணக்கு. வகைக்கெழுச் சமன்பாடு. நிகழ்தகவும் இருந்தது.

தலையை நிமிர்த்தினாள். மேற்கே மலை உச்சியில் மேகம் பைய உருண்டு இந்தப் பக்கம் இறங்கப் பார்த்து, பாதியிலேயே கரைந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மேகம். அது ஏன் அங்கேயே கரைகிறது என்று கேட்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். இருட்டி, கீழேயிருந்து அப்பா கூப்பிடுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நுழைவுத் தேர்வு எழுதினாள். இடம் கிடைத்தது. செங்கோட்டை வழியாகப் போகிற ரயிலில் ஏற்றிவிட்டு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொச்சியில் அவள் வேறு ஆளாகிப் போனாள். மழைக்கால மேகங்கள் கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்து ஊருக்குள் நுழையும். அவை மலையேறி அவள் வீட்டு மாடிக்கு எதிரே போய் நிற்கப்போகிறவை. வகுப்பில் அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். யாரும் புகார் சொல்லவில்லை. முதல் வருஷ முடிவில் அவள்தான் முதலாவதாக வந்தாள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் அப்பா சொன்னார்: “அந்த மிஸ் முன்னால போய் நின்னு, ஒரு வார்த்தை சொல்லிட்டு வா.”

டார்லினுக்கும் அந்த ஆசை இருந்தது. ‘எனக்கு இடமில்லன்னு சொன்னீங்களே மிஸ், இப்ப பாருங்க’ என்று பஸ்ஸில் போகும்போதே சொல்லிப் பழகிக்கொண்டாள்.

எம்.எஸ்ஸி. வகுப்பறை பூட்டியிருந்தது. அலுவலகத்தில் கிளார்க் அருணாசலம் மட்டும் இருந்தார்.

“ஆபிதா மிஸ்ஸா? அவங்க இப்ப இங்க இல்லியே தாயி. நீ படிச்சிட்டுப் போன வருஷமே எம்.எஸ்ஸி.ய மூடிட்டாங்க. பி.எஸ்ஸி.க்கும் பாடம் எடுத்தாலும், அந்த வகுப்பை நம்பித்தான் அவங்க வேலையே இருந்துது. ரெண்டும் ஒண்ணாப் போச்சு. இப்ப ஆழ்வார்குறிச்சியில, வீட்டுல வச்சு டியூஷன் எடுக்காங்க.”

“ஏன் அண்ணாச்சி மூடினாங்க?”

“ஆள் சேரல. இத்தனை பேராவது இருந்தாத்தான் நடத்துவோம்னு நிர்வாகம் கறாராச் சொல்லிட்டுது. கடைசியில ஒத்த ஆளு குறைஞ்சுது.”

டார்லின் பூட்டிய வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கிட்ட இடமே இல்லன்னு சொன்னாங்களே, அண்ணாச்சி.”

அருணாசலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“இடம் இல்லன்னா சொன்னாங்க? அந்த ஒத்த ஆளுக்காக, வேகாத வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கிப் பிள்ளை கேட்டாங்களே அந்தம்மா. விக்கிரமசிங்கபுரத்துல உங்க தெருவுக்குக்கூட நானும் கூடப் போனேனே. ஏன் தாயி, உங்க வீட்டை மட்டும் அவங்க ஏறாமத் தாண்டிப் போனாங்க?”