எழுத லேசான பக்கம்

இப்போதெல்லாம் வயசானவன் ஒருத்தன் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் ஒருத்தரும் நகர்ந்து உட்கார்வதில்லை. அவரவர் செல்போனுக்குள் அவரவர் தலை.

சுவரில் சாய்ந்து நின்றேன்.

அவள் எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். என் மகள். தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே நடக்கிறது இந்த வகுப்பு. வருகிற எல்லோரும் நர்சுகள். லண்டன் போக இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும். அதில் ஒரு கேள்வியைக் கொடுத்து, உன் கருத்து என்ன என்று கேட்பார்களாம்.

ஊசி போடுகிறவளிடம் கருத்து எதற்கு?

கேட்டால் சிரிப்பார்கள். கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவள் நேரே நைட் டூட்டிக்குப் போய்விடுவாள். அதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒருதரம் முகம் காட்டட்டும் என்று தூக்கி வந்தேன்.

அவள் வாசித்ததில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. முடித்ததும் சார் மற்றவர்களுக்காகத் தமிழில் சொன்னார்.

“சின்னப் பிள்ளையைத் தாத்தா பாட்டிகிட்ட விட்டுட்டு வெளிநாட்டு வேலைக்குப் போறது சரியா, தப்பா? இதாக்கும் கேள்வி. முழுக்கத் தப்புன்னு எழுதியிருக்கா ஜெர்லின். பிள்ளையோட சின்ன வயசு திரும்ப வராது, எந்தச் சம்பளமும் அதுக்கு ஈடாகாதுங்கா. நல்ல காரணம்.”

பாட்டி இல்லை. தாத்தா மட்டும்தான்.

சார் தாளை வாங்கிப் பார்த்தார்.

“உதாரணத்தைக் கவனிங்க. அம்மா காதைப் பிடிக்காம உறங்காத ஒரு பிள்ளை. நல்ல கற்பனை.”

கற்பனை என் தோளில் விரல் சூப்பிக்கொண்டிருந்தது. மூன்று வயசு. அப்பன் முகம் பார்க்காதது. அம்மாவுக்கு நைட் டூட்டி என்றால் என் காதைத்தான் பிடிக்கும். கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று அழும்.



போகாதே என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. இங்கே ஆஸ்பத்திரியில் கொடுப்பது கைக்கும் வாய்க்குமே சரியாகிவிடுகிறது. நான் கண்ணை மூடினால் இதுகளுக்கு யார்? அதனால் இத்தனை நாளும் பேசாமல் இருந்தேன். இப்போது அவளே எழுதிவிட்டாள்.

“அப்போ போகலியா மக்ளே?”

வகுப்பே திரும்பியது. முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சார் சிரிக்கவில்லை. நல்ல மனுசன்.

“ஐயா, இது பரீட்சைக்கு எழுதுறதாக்கும். மனசுல உள்ளதை யாரும் கேக்கல்ல. எந்தப் பக்கம் எழுத லேசா இருக்கோ, அந்தப் பக்கம் நிக்கணும். அவ்வளவுதான்.”

“மனசுல இல்லாததுக்கு மார்க்கு போடுவாங்களாக்கும்?”

“நல்லாவே போடுவாங்க. நீங்க கவலைப்படாதீங்க. இவ இப்படியே எழுதினா, வாற கிறிஸ்மசுக்கு லண்டன்ல இருப்பா.”

ஆறுதலாகத்தான் சொன்னார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் பிள்ளையைப் பார்க்காமல் தாளைப் பார்த்தாள்.

“நீ சொல்லு. லேசா இருந்துதா?”

பேனாவை மூடினாள். திறந்தாள். திரும்பவும் மூடினாள்.

“போறது சரிதான்னுதான் முதல்ல எழுதப் பாத்தேன்ப்பா. ஒரு காரணமும் வரல்ல.”

சார் அடுத்தவளை எழுப்பினார். அவளும் தாளைப் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். நல்ல இங்கிலீஷ்தான் போலிருக்கிறது. யார் பெற்ற பிள்ளையோ.

பரீட்சைக்காம். சும்மாவாம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிள்ளை அம்மாவிடம் போகக் கையை நீட்டியது. தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு படி இறங்கினேன்.