பெஞ்சில் ஏழு பேர்

பதினாலாம் நம்பர்காரியின் விரல்களில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அவளுக்கு மட்டுமல்ல, திண்டிவனம் அணியின் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும்.

"பார்த்தியாடி?" என்றாள் விழுப்புரம் அணியின் கேப்டன் அஸ்வினி. "கிரிப்புக்குப் போடுற பவுடரு. வெளிநாட்டுல பெரிய பெரிய பிளேயருங்கதான் போடுவாங்க."

"நீ எங்கக்கா பார்த்த?" என்றாள் பர்வீன்.

"படிச்சிருக்கேன்."

அஸ்வினி படிக்காதது கல்லூரிப் பாடத்தை மட்டும்தான். காலையில் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோதுகூட அவள் பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் குதிரைமேல் போய்க்கொண்டிருந்தாள். திண்டிவனத்துக் கல்லூரி வாசலில் பொங்கல் விழாவுக்குக் கட்டியிருந்த கரும்பு தலையில் இடித்த பிறகுதான் இறங்கினாள்.

அன்று தோற்கக் கூடாது. இந்த வருஷமும் கோப்பை வரவில்லை என்றால் பாஸ்கெட்பால் கோர்ட்டை டூ வீலர் ஸ்டாண்டாக்கிவிடுவேன் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். போன வாரமே யாரோ இரண்டு பேர் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்கள்.

விழுப்புரத்தின் பெஞ்சில் இருந்தவை பைகள், ஒரு வாட்டர் கேன், கணுக்கால் சுளுக்கிய ஜெயம். ஜெயத்தை இறக்குவதும் வாட்டர் கேனை இறக்குவதும் ஒன்றுதான். ஆடுகிற ஐந்து பேரில் எவளுக்காவது மூச்சு வாங்கினால், வாங்கிக்கொண்டே ஆட வேண்டியதுதான்.

"நாம இப்பவே ஓடித் தீர்த்துட்டோம்னா, கடைசியில அந்த ஏழு பேரும் ஃபிரெஷ்ஷா இறங்கி நம்மளப் பிச்சி எடுத்துடுவாங்க" என்றாள் அஸ்வினி. அவள் படித்த நாவலில் ஒரு தளபதி அப்படித்தான் செய்வான். குதிரைப் படையைக் குன்றுக்குப் பின்னால் நிறுத்திவைத்து, பொழுது சாய்ந்ததும் இறக்குவான். எதிரி அதோடு காலி.

பி.டி. சார் அரங்கநாதன் தலையைச் சொறிந்தார். "நம்ம டீமு ஓடினாதான் ஜெயிக்கும். என்னமோ, கேப்டன் நீ. பார்த்துக்கம்மா."

"மூச்ச மிச்சம் பிடிப்போம் சார். அவங்க இறங்கட்டும், அப்புறம் ஓடலாம்."

ஆகவே விழுப்புரம், பந்தைத் தட்டிக்கொண்டே கல்யாண ஊர்வலம் மாதிரி நகர்ந்தது. திண்டிவனம் ஒவ்வொரு புள்ளியாக மேலே போனது.

பாதி ஆட்டத்தில் பந்து உருண்டுபோய்ப் பதினாலாம் நம்பரின் காலடியில் நின்றது. அவள் அதை வீசவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, நடந்து வந்து, பூசணிக்காயைக் கொடுப்பதுபோல அஸ்வினியிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பந்தில் அவள் விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

"என்ன அடக்கம் பாரு! வித்தைய வீணா காட்ட மாட்டா" என்றாள் அஸ்வினி.

மூன்றாவது குவார்ட்டரில் பர்வீனுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, அவங்க ஆளுங்களுக்கு நாக்கு தள்ளுது. ஜல்தி ஓடலாம்க்கா."

"நடிப்புடி. நம்மள இழுத்து வுடப் பாக்கறாங்க."

"அந்த நாலாம் நம்பரு இடுப்புல கைய வச்சிக்கினு குனிஞ்சி நிக்குது. வாந்தி எடுத்துடும் போல இருக்குக்கா."

"நல்லா நடிக்கிறா."

"உன் புக்க டோல்கேட்லயே தூக்கிக் கடாசியிருக்கணும். பேஜாரு!"

அஸ்வினி பெஞ்சைப் பார்த்தாள். ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, தங்கள் அணி பந்தைப் போட்டால்கூடக் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நம்பிக்கை இருந்தால் இப்படி உட்கார முடியும்!

கடைசி இரண்டு நிமிஷம் வந்தது. குன்றுக்குப் பின்னாலிருந்து ஒரு குதிரையும் வரவில்லை.

"ஓடுங்கடி!" என்று அப்போதுதான் கத்தினாள் அஸ்வினி.

ஓடினார்கள். அதுவரை சேர்த்துவைத்த மூச்சு எல்லாம் காலுக்கு வந்தது. அவர்கள் ஓடிய ஓட்டத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் திண்டிவனம் நின்றுவிட்டது. எட்டுப் புள்ளி வித்தியாசம் ஐந்தாகி, மூன்றாகி, ஒன்றானபோது விசில் ஊதிவிட்டது.

பர்வீன் தரையில் உட்கார்ந்து அழுதாள். அஸ்வினியின் கண்ணுக்குள் கோர்ட் முழுக்க ஸ்கூட்டிகள் வரிசையாக நின்றன. ஆனாலும் மனசை ஒருவாறு தேற்றிக்கொண்டாள். ஏழு பேரை வெளியே உட்காரவைத்துவிட்டே ஜெயிக்கிற அணியிடம் தோற்றிருக்கிறோம். அதற்கும் ஒரு கௌரவம் உண்டு. அவளுடைய நாவல்களில் நிச்சயமாக உண்டு.

போய்ப் பதினாலாம் நம்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"உங்க பேரு என்னங்க?"

"தையல்நாயகிக்கா."

"கடைசி வரைக்கும் உங்கள இறக்கவே இல்லியே. அடுத்த வருஷமாச்சும் உங்ககூட ஆடணும். இது என்ன பவுடருங்க? விழுப்புரத்துல கிடைக்குமா?"

தையல்நாயகி கையை ஜெர்சியில் துடைத்துக்கொண்டாள். அவர்களுடைய பி.டி. மேடம் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"கோலமாவுக்கா. அந்தாண்ட கோலப் போட்டியில இருந்த எங்க ஏழு பேரையும் மேடம்தான் ஜெர்சி குடுத்துக் கூட்டிக்கினு வந்து உக்கார வச்சாங்க. எங்க டீம்லயும் அஞ்சு பேருதான்."