உளுந்துக் கொல்லைக்குப் போகிற வழி

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பாலம் வழியாகச் சுற்றிப் போனால் ஏழு கிலோமீட்டர். அதனால் அக்கரைக் கொல்லைகளுக்கு எல்லோரும் ஆற்று மணலில் நடந்தே போவார்கள். இந்த வருஷம் பொங்கல் கழிந்ததுமே ஆறு வற்றிவிட்டது.

மாசியில் ஒரு நாள் வீரமுத்து அக்கரையிலிருந்த தன் உளுந்துக் கொல்லையிலிருந்து முழங்கால் வரை நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

“இன்னாங்க, ஆறுதான் காஞ்சி கெடக்குதே?” என்றாள் மனைவி கொளஞ்சியம்மாள்.

“நானும் மணல்லதான் நடந்துக்கினு வந்தேன்.”

அவள் வேட்டியைக் கத்தரிச் செடிகளின் மேல் பிழிந்துவிட்டுக் கொடியில் போட்டாள். தினமும் அதுவே வழக்கமாயிற்று. பங்குனியில் இடுப்பு வரை நனைந்து வந்தார். சித்திரையில் மார்பு வரை. கத்தரிக்காய் மட்டும் வீட்டில் குறையவே இல்லை.

உளுந்து பறிக்கிற அன்று அவளும் கிளம்பினாள். அவள் அவருடைய தோளுயரம்தான். கரையில் நின்று யோசித்தவர், “உனுக்கு முங்கிடும்” என்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அக்கரையில் இறங்கியபோது அவளுடைய கொலுசு நனைந்திருந்தது.

மாலையில் உளுந்துச் செடிகளைக் கட்டாகக் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

“போலாங்களா?”

“நனைஞ்சா உளுந்து மொளச்சிடும். தண்ணி வடியட்டும்.”

தூக்கில் மிச்சமிருந்த கூழை மாற்றி மாற்றிக் குடித்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஓர் ஆட்டுமந்தை, புழுதி பறக்க ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.