அம்புக்குறி போட்ட பனியன்

சாவுக்குப் போட்டுக்கொள்ளப்போகும் பனியனை வீரணன் தாமே துவைத்து, தாமே கொடியில் காயப்போட்டார்.

பல்லடத்து டாக்டர், "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, பிரியப்பட்டதச் செஞ்சு குடுங்க" என்று கைவிரித்ததிலிருந்து மனுஷனுக்கு ஒரே கும்மாளம். சர்க்கரை வியாதிக்காரர், காலையும் மாலையும் ஜிலேபி தின்றார். எண்பதைத் தாண்டியாயிற்று, இதற்கு மேலும் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கட்சி.

மகன் ராஜபாண்டிக்குத்தான் அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஒரு ரூபாய் போனில் தகவல் சொல்லியாயிற்று, சொந்தபந்தமெல்லாம் உசிலம்பட்டியில் பஸ் ஏறிவிட்டார்கள். அப்பா என்னடாவென்றால், வெள்ளைச் சட்டை வேண்டாம், மஞ்சள் பனியனோடுதான் சாவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட பனியன். தோளில் ஒரு பொட்டு எண்ணெய்க்கறை, அவ்வளவுதான். பூப்போலத் துணி, வயிற்றுப் பக்கம் தாராளமான இடம். நெஞ்சில் இங்கிலீஷில் ஏதோ எழுதி, அதற்குக் கீழே தொப்பையைப் பார்த்து ஒரு அம்புக்குறி. மனைவி மூக்கம்மாள் போனதிலிருந்து டீக்கடை, ரேஷன் கடை, காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான்.

"கெட்ட வார்த்தை எதும் எழுதியிருந்தா மானம் போயிரும்ப்பா."

"ரோஸ்மேரியக் கூப்புடு. கெட்ட வார்த்தையா இருந்தா உன் வெள்ளைச் சட்டையவே போட்டுத் தொலைக்கிறேன்."

ரோஸ்மேரி அதே லைன் வீட்டில் அடுத்த கதவு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, இங்கிலீஷ் வாசிப்பாள். பனியனைக் கொடியிலிருந்து எடுத்தவள் முதலில் கழுத்து லேபிளைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்தாள்.

"கம்மிங் சூன். சீக்கிரம் வந்துருவேன்னு அர்த்தம் தாத்தா."

வீரணன் பனியனை வாங்கி மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆயுசு பூராவும் மூக்கம்மாளை பஸ் ஸ்டாண்டில் காக்க வைத்தவர் அவர். சாகும்போதுகூட அவள், "அங்கயும் என்னைய நிக்க வச்சிராதீக" என்றுதான் சொன்னாள்.

"அடேய், இத்தன வருசமா அவளுக்கு எழுதிக் காட்டிக்கிட்டே திரிஞ்சிருக்கேண்டா! அந்தக் கழுதைக்கும் இங்கிலீசு தெரியாதே, என்னைய வைஞ்சுக்கிட்டே நிப்பா!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ராஜபாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெள்ளைச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்தான்.

பனியனைப் போட்டதும் கிழவருக்கு ஒரு சந்தேகம். "அம்பு கீழ காட்டுதே தாயி? நான் மேலயில்ல போகணும்?"

"படுத்துப் பாருங்க தாத்தா. வாசலைக் காட்டும்."

படுத்துப் பார்த்தார். வாசலைத்தான் காட்டியது. பரம திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் ரோஸ்மேரி இடுப்பிலிருந்த நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்து, பிசிறு வெட்டுகிற மாதிரி அந்தக் கழுத்து லேபிளை வெட்டி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

வருகிற சொந்தத்தில் நாலு எழுத்துப் படித்தவர்கள் யாராவது இருந்துவிட்டால் வம்பு. நிறைமாதக்காரிகள் போடுவதற்கென்று தைத்த பனியன் அது.