பின் சீட்டுக்கு மெத்தை

"வண்டி முடியற வரைக்கும் அந்தப் பொண்ணு கண்ல பட்டுடாதண்ணா. அரைகுறையா போய் நின்னா மானம் போயிடும்" என்றான் மெக்கானிக் ஆரோக்கிய ஜெனித். வாடிக்கையாளரின் மானத்துக்காக இப்படி உருகும் மெக்கானிக் யாருக்குக் கிடைப்பான்? தேவசகாயம் உடனே அவனுக்கு ஒரு டீ சொன்னார்.

தேவசகாயம் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர். திண்டிவனத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் ஜாக்குலின் உட்கார்ந்திருந்தாள். "பழைய பைக்குன்னா எங்கப்பாவுக்கு உசுருங்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினாள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் காதல் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

மறுவாரமே கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த பழைய வண்டி ஒன்றைப் பிடித்தார். அதில் உருப்படியாக இருந்தது நம்பர் பிளேட் மட்டும்தான். அதைப் புதுசாக்கி, அதிலேயே போய் இறங்கி, அவள் அப்பாவிடம் பெண் கேட்பது என்று திட்டம். ஜாக்குலினுக்கு இதெல்லாம் தெரியாது என்பது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

ஆசை பெரிசு, சம்பளம் சின்னது. மட்கார்டு, எண்ணெய் டின்னை வெட்டித் தட்டியது. பெயிண்ட், லாரிப் பட்டறையில் மிஞ்சிய பச்சை. மதியச் சாப்பாட்டை டீயும் பன்னுமாகச் சுருக்கி, செகண்ட் ஹேண்ட் சைலன்சர் ஒன்றை வாங்கி மாட்டினார். அது போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அழுதன.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஜெனித் சிக்கனத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"பின் சீட்டு மெத்துன்னு இருக்கணும்ணா. ஒக்கார்றவங்களுக்கு இடுப்பு நோவும், பாவம்."

"எவ்ளோ ஆவும்டா?"

"அத்த நான் பாத்துக்கறேன், வுடுண்ணா."

சொன்னபடியே தன் கைக்காசில் மெத்தை வைத்தான். தேவசகாயம் அவனைக் கட்டிப்பிடித்து, சட்டையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டார்.

வேலை முடிந்தால் மெக்கானிக் ஒரு ரவுண்டு ட்ரையல் போய்வருவது வழக்கம். மற்றவர்கள் தெருமுனையோடு திரும்புவார்கள். ஜெனித் ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் திண்டிவனம் ரோட்டில் விக்கிரவாண்டியையும் தாண்டிப் போய்வந்தான். அவ்வளவு தொழில்பக்தி.

"பெட்ரோலு என்னாடா இப்பிடிக் குடிக்குது?"

"தூரமா ஓட்டினாத்தாண்ணா எஞ்சின் சூடு தெரியும். நடுவழில நின்னுக்கினா உனக்குத்தான பேஜாரு?"

நியாயமாகத்தான் இருந்தது. அவர் மறுபடியும் டேங்கை நிரப்பினார்.

எல்லாம் முடிந்த பிறகும் "இன்னும் ஒரு வாரம்ணா" என்று ஜெனித் இழுத்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு நேர்த்தியைத் தாங்கும் பொறுமை தேவசகாயத்துக்கு இல்லை. அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து வண்டியைத் தள்ளி எடுத்து, சட்டையில் ஒட்டிய கிரீஸைக்கூடக் கவனிக்காமல், நேரே திண்டிவனத்துக்கு விட்டார். வழியெல்லாம் பெண் கேட்கும் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஜாக்குலின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும் முன்பே கேட் திறந்தது. அவள் அப்பா இருதயநாதன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து டேங்கைத் தடவினார், பின் சீட்டை அழுத்திப் பார்த்தார்.

"சத்தம் கேட்டதுமே தெரிஞ்சிக்கினேன், மாப்ள வண்டின்னு!"

மாப்பிள்ளை! இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் மாப்பிள்ளை. டீயும் பன்னும் வீண்போகவில்லை என்று தேவசகாயத்துக்குக் கண் கலங்கியது. வசனம் மறந்துபோய், கைகளைக் கூப்பினார்.

இருதயநாதன் அவர் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு, சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்தார்.

"ஜெனித்து மாப்ள வரலியா? நீதான் அவரு மெக்கானிக்கா தம்பி?"