விரிசல் விழாத சாலை

செங்கோட்டைக்கு மேலே புது மலைச்சாலை சரிந்து, எலுமிச்சை லாரியோடு இரண்டு பேர் செத்துப்போனார்கள் என்று கேட்டதிலிருந்து சத்யபிரியா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாலைக்கு அடியில் தேங்காய்நார்ப் பாய் விரித்தால் தாங்கும் என்ற அவளுடைய ஆராய்ச்சியை நம்பிப் போட்ட சாலை அது.

"இலஞ்சில இதே பாயப் போட்டுத்தானப்பா சோதிச்சேன்? மூணு வருசம் மாசாமாசம் போயி அளந்தேன். ஒரு விரிசல் இல்லையே! அத்தன லாரி போற ரோடு..."

லாரி சங்கத் தலைவரான அப்பா மணிமுத்து அவள் தலையைத் தடவினார்.

"ஏட்டி, அழாத. உன் மேல என்ன தப்பு? இலஞ்சி ரோட்டுல இன்னைக்கும் ஒரு கீறல் கிடையாது. எம்மவ போட்ட ரோடு, ஒரு லாரியும் அதுல ஏறக்கூடாதுன்னு அன்னைக்கே எல்லாவனையும் சுத்திப் போகச் சொல்லிட்டேன்லா!"